ஐஎஸ் 6241-ல் பாஸ், டிஎஸ்ஆரில் 72 சதவீதம்: எதை நம்புவது?

குவாரி_ரோடு:

வணக்கம். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சாலை அகலப்படுத்தும் வேலையில் ஒப்பந்ததாரர் தரப்பு லேபில் இருக்கிறேன். டிப்ளமோ முடித்து மூன்று வருடம். மார்ஷல், சலிப்பு, பிட்டுமின் எக்ஸ்ட்ராக்‌ஷன் எல்லாம் கை பழகிவிட்டது, ஆனால் தார்க் கலவை தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று பார்க்கிற சோதனையை முழுதாக நானே செய்தது இதுதான் முதல் தடவை.

கலவை மேல் அடுக்குக்கான பிட்டுமினஸ் கான்கிரீட். தார் (பிட்டுமின்) விஜி 40 ரகம், அளவு 5.4 சதவீதம், ஜல்லி பக்கத்துக் குவாரியின் கருங்கல். முதலில் ஐஎஸ் 6241 போட்டேன், தார் ஜல்லியை விட்டு உரிகிறதா என்று பார்க்கும் இந்தியத் தரச் சோதனை. 200 கிராம் ஜல்லியில் 5 சதவீதம் தார் கலந்து, 40 டிகிரி தண்ணீரில் 24 மணி நேரம் வைத்துப் பார்த்தால் 98 சதவீதம் பூச்சு அப்படியே நிற்கிறது. மத்திய நெடுஞ்சாலை அமைச்சக விவரக்குறிப்பு கேட்பது 95 தான், அதனால் நிம்மதியாக இருந்தேன். அப்புறம் ஆஷ்டோ டி 283 போட்டேன், கெட்டித்த கலவை நனைந்தபிறகு எவ்வளவு வலிமை மிஞ்சுகிறது என்று பார்க்கும் அமெரிக்கச் சோதனை. உலர்ந்த மூன்று மாதிரிகளின் சராசரி இழுவிசை வலிமை 0.86 மெகா பாஸ்கல், தண்ணீரில் பதப்படுத்திய மூன்றின் சராசரி 0.62. விகிதம், அதாவது டிஎஸ்ஆர், 72 சதவீதம். 80 வேண்டும்.

ஒரே ஜல்லி, ஒரே தார். ஒன்று நன்றாக இருக்கிறது என்கிறது, இன்னொன்று ஆகாது என்கிறது. இதில் எதை நம்புவது? இன்னொரு சந்தேகம், டி 283-ல் மாதிரியை மைனஸ் 18 டிகிரியில் 16 மணி நேரம் உறைய வைக்கச் சொல்கிறார்கள். நம் ஊரில் ரோடு எப்போது உறைகிறது? அந்தப் படியை விட்டுவிட்டுச் செய்யலாமா? மேலே இருப்பவர்கள் "ஆன்டி ஸ்ட்ரிப்பிங் திரவம் (தார் உரியாமல் இருக்கச் சேர்ப்பது) கொஞ்சம் ஊற்றி மறுபடி போடு, வந்துவிடும்" என்கிறார்கள். ஐப்பசி மழைக்கு இன்னும் ஒன்றரை மாதம்தான் இருக்கிறது, அதற்குள் மேல் அடுக்கு போட்டாக வேண்டும். எண்ணை வரவைப்பது எனக்கு முக்கியமில்லை. இந்த ரோடு மழைக்கு நிற்குமா என்று தெரியவேண்டும்.

மார்ஷல்_75:

தம்பி, திரவத்தைத் தொடாதீர்கள், முதலில் சோதனை சரியாக நடந்ததா என்று பார்ப்போம். இருபது வருடமாக லேபில் இருக்கிறேன். டி 283 சரியாக நடந்து ஃபெயில் ஆனதையும் பார்த்திருக்கிறேன், தப்பாக நடந்து பாஸ் ஆனதையும் பார்த்திருக்கிறேன், இரண்டாவதுதான் அதிகம்.

மாதிரியைக் கெட்டிக்கச் சுத்தியலால் எத்தனை அடி அடித்தீர்கள்? மார்ஷல் டிசைனுக்குப் பழகின கை பக்கத்துக்கு 75 அடித்துவிடும், வாய்ட்ஸ் (உள்ளே இருக்கும் காற்று இடைவெளி) 4 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அந்த மாதிரிக்குள் தண்ணீர் போகவே வழி இல்லை, எப்படி வைத்தாலும் 90-க்கு மேல் வந்து நிற்கும். இந்தச் சோதனைக்கு வாய்ட்ஸ் 7 சதவீதம், கூடக் குறைய அரை சதவீதம். புதிதாகப் போட்டு ரோலர் ஓடி முடித்த ரோட்டில் ஏறக்குறைய அவ்வளவு வாய்ட்ஸ்தான் இருக்கும், முதல் மழை அந்த நிலையில்தான் அதன் மேல் விழுகிறது. அதனால் அடியைக் குறைத்துக் குறைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், எல்லாக் கலவைக்கும் பொதுவான ஒரு எண் கிடையாது.

அடுத்தது, ஆறு மாதிரியையும் எப்படி இரண்டு கூட்டமாகப் பிரித்தீர்கள்? முதலில் செய்த மூன்று உலர்ந்தவை, கடைசி மூன்று தண்ணீருக்கு என்று வைத்திருந்தால் அது தப்பு. இரண்டு கூட்டத்தின் சராசரி வாய்ட்ஸும் ஒன்றாக இருக்கிற மாதிரி கலைத்துப் பிரிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் பெரிய விஷயம், சாச்சுரேஷன், மாதிரிக்குள் தண்ணீர் நிரம்பும் அளவு. வாய்ட்ஸின் கன அளவில் 70 முதல் 80 சதவீதம் வரைக்கும்தான் தண்ணீர் நிரம்ப வேண்டும். உங்கள் மாதிரி 100 மி.மீ. விட்டம், 63.5 மி.மீ. உயரம் என்றால் மொத்தக் கன அளவு 499 கன செ.மீ. வரும். அதில் 7 சதவீதம் 35 கன செ.மீ. அப்படியென்றால் மாதிரி குடிக்க வேண்டிய தண்ணீர் 24.5 கிராமிலிருந்து 28 கிராம் வரை. நடுவில் இருப்பது மூன்றரை கிராம்தான் தம்பி, அந்த மூன்றரை கிராமுக்குள் நிறுத்தத் தெரிந்தவன்தான் இந்தச் சோதனையைச் செய்ய முடியும். தண்ணீருக்குள் மாதிரியை வைத்து வேக்கம் போட்டு (காற்றை உறிஞ்சி) ஐந்து நிமிடத்தில் எடுத்து, ஈரத்துணியில் ஒற்றி எடை பார்க்க வேண்டும். குறைந்தால் மறுபடி வேக்கம் போடலாம். 80-ஐத் தாண்டிவிட்டால் அந்த மாதிரி கெட்டுவிட்டது, எறிந்துவிட வேண்டும்.

கலவையை மோல்டில் போடுவதற்கு முன்னால் 60 டிகிரி அவனில் (சூட்டு அடுப்பில்) 16 மணி நேரம் வைத்தீர்களா என்பதையும் சொல்லுங்கள். எண்களைப் போடுங்கள், பார்க்கிறேன்.

குவாரி_ரோடு:

சார், நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். அவனில் 16 மணி நேரம் வைத்தேன், அது சரியாக இருக்கிறது. அடி 75 இல்லை, 35. ஆனால் பிரித்தது நீங்கள் சொன்ன தப்பேதான். உலர்ந்த மூன்றின் வாய்ட்ஸ் 6.6, 6.7, 6.6. தண்ணீருக்குப் போனவை 7.3, 7.4, 7.4. எல்லாமே 6.5-க்கும் 7.5-க்கும் நடுவில் இருக்கிறதே, போதும் என்று நினைத்துவிட்டேன். வேக்கம் அரை மணி நேரம் ஓடியது, நடுவில் எடை பார்க்கவில்லை. கடைசியில் எடுத்த எடைப்படி மூன்றும் 33, 34, 33 கிராம் தண்ணீர் குடித்திருக்கின்றன. கணக்குப் போட்டால் 90 சதவீதத்தைச் சுற்றி நிற்கிறது.

மார்ஷல்_75:

அப்படியானால் அந்த 72-ஐ ஒதுக்கி வையுங்கள். வாய்ட்ஸ் கூடின மாதிரிகளைத் தண்ணீருக்கு அனுப்பி, அதையும் அளவு மீறிக் குடிக்கவைத்திருக்கிறீர்கள், இரண்டு தப்பும் ஒரே பக்கம் இழுத்திருக்கின்றன. ஆனால் இதை வைத்துக் கலவை நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. புதிதாக ஆறு செய்யுங்கள், முடிந்தால் எட்டு செய்து ஒத்துப்போகும் ஆறை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாள் ஆகும், ஆகட்டும்.

சார்னோகைட்:

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் இதே விஷயத்தில் ஆராய்ச்சி செய்கிறேன். மேலே சார் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, கேட்டவரின் மற்ற இரண்டு சந்தேகங்களுக்கு வருகிறேன்.

ஐஎஸ் 6241 ஏன் பாஸ் ஆகிறது? அதில் எடுப்பது 20 மி.மீ. சல்லடையில் இறங்கி 12.5-ல் நிற்கும் ஜல்லி மட்டும். தூசி இல்லை, கிரஷர் டஸ்ட் இல்லை, ஃபில்லர் (இடைவெளியை நிரப்பும் நுண்பொடி) இல்லை. கெட்டித்த கலவையும் இல்லை, அதனால் உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீருக்கு எந்த அழுத்தமும் கிடையாது. சும்மா கிடக்கிற ஜல்லியைச் சும்மா கிடக்கிற தண்ணீரில் போட்டுவிட்டு, கடைசியில் கண்ணால் பார்த்து ஒரு சதவீதம் சொல்கிறோம். என் கண்ணுக்கு 95 தெரிவது உங்கள் கண்ணுக்கு 90 ஆகத் தெரியலாம். படுமோசமான ஜல்லியைக் கழித்துக்கட்ட அது உதவும், அதற்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது.

இப்போது உங்கள் கல்லைப் பற்றி. சென்னை, செங்கல்பட்டு வட்டாரத்தில் கருங்கல் ஜல்லி என்று வருவதில் பெரும்பகுதி சார்னோகைட். பல்லாவரம், பரங்கிமலைப் பாறை இதுதான். கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இங்கிருந்து போனது, அதை வைத்துத்தான் இந்தப் பாறைக்கே பெயர் வந்தது. (என் புனைபெயரும் அதுதான்.) உடைபடாத, தேயாத அருமையான கல், ஆனால் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் நிறைய இருக்கிற கல். சிலிக்கா மிகுந்த பரப்புக்குத் தாரைவிடத் தண்ணீர்தான் நெருங்கின உறவு. தாரில் இருக்கிற அமிலக் கூறுகள் அந்தப் பரப்பில் ஒட்டுவது பலவீனமான ஒட்டு, தண்ணீர் வந்தால் அவற்றை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். சுண்ணாம்புக்கல் ஜல்லியில் அதே அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து தண்ணீரில் கரையாத உப்பாகிவிடும், அதனால் பிடிப்பு நிற்கும். கல் வலுவாக இருப்பதும் தார் அதில் ஒட்டி நிற்பதும் வேறு வேறு குணங்கள், இதைப் பலர் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள்.

உறைய வைப்பது பற்றி. அது பனி விழும் ஊருக்கான நடிப்பு இல்லை. 1970களில் அமெரிக்காவில் ஐடஹோ பல்கலைக்கழகத்து லாட்மன் இதை வடிவமைத்தபோது, ரோடு பல வருடத்தில் படும் சேதத்தைச் சில நாளில் லேபில் கொண்டுவர ஒரு வழி தேவைப்பட்டது. தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் அளவுக்கு விரிகிறது, அந்த விரிவு உள்ளே இருக்கிற துளைகளைப் பிளக்கிறது. நம் ஊரில் உறைபனி அதைச் செய்யாது, லாரி டயர் செய்யும். மழைத்தண்ணீர் நிரம்பின துளை மேல் பத்து டன் அச்சு ஏறும்போது தண்ணீர் அமுங்குகிறது, டயர் தாண்டினதும் உறிஞ்சப்படுகிறது, ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை. உறைந்த பிறகு 60 டிகிரி தண்ணீரில் 24 மணி நேரம் வைக்கிற படியும் நம் வெயிலுக்குப் பொருத்தமானதுதான். உறைநிலை இல்லாத முறைகளும் இருக்கின்றன. ஏஎஸ்டிஎம் டி 4867 என்ற இன்னொரு அமெரிக்க முறையில் உறைய வைப்பது விருப்பத்துக்கு விட்ட படி. ஐரோப்பிய முறையில் உறைநிலையே கிடையாது, 40 டிகிரி தண்ணீரில் மூன்று நாள் போல வைக்கிறார்கள். ஆனால் உங்கள் ஒப்பந்தத்தில் டி 283 என்று இருந்தால் அதையே முழுதாகச் செய்யுங்கள். படியை விட்டுவிட்டு அதே 80-ஓடு ஒப்பிடுவது நேர்மையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைத்தான் நான் எல்லாரிடமும் சண்டை போட்டுச் சொல்வேன். விகிதத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு கலவை உலர்ந்து 1.0, நனைந்து 0.78 என்றால் விகிதம் 78, ஃபெயில். இன்னொன்று உலர்ந்து 0.50, நனைந்து 0.45 என்றால் விகிதம் 90, பாஸ். மழையில் நிற்கப்போவது எது? நனைந்த நிலையிலும் முதலாவதுதான் வலுவானது. சில திரவங்கள் தாரை இளக்கி உலர்ந்த வலிமையைக் குறைத்துவிடும், அப்போது நனைந்த வலிமை துளியும் ஏறாமலே விகிதம் ஏறிவிடும். அதனால்தான் "கொஞ்சம் ஊற்றிப் போடு, வந்துவிடும்" என்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

சோதனை முடிந்ததும் உடைந்த இரண்டு பாதியையும் பிரித்து முகத்தைப் பாருங்கள். ஜல்லி வெளுத்துத் தெரிந்தால் தார் கல்லை விட்டு உரிந்திருக்கிறது. முகம் முழுதும் கருப்பாக இருந்தும் வலிமை குறைந்திருந்தால் தாரும் தூசியும் சேர்ந்த பசையே தளர்ந்திருக்கிறது, அதற்கு மருந்து வேறு. ஜல்லியே உடைந்து வெள்ளை தெரிவதை உரிந்ததாக எண்ணிவிடாதீர்கள், உடைந்த முகம் பளபளப்பாக, கூராக இருக்கும்.

வசதி உள்ள லேபில் ஹாம்பர்க் சக்கரச் சோதனை செய்ய முடிந்தால் அதையும் செய்யுங்கள். 50 டிகிரி தண்ணீருக்குள் மாதிரி, அதன் மேல் 47 மி.மீ. அகல இரும்புச் சக்கரம், 705 நியூட்டன் எடையோடு 20,000 தடவை வரை ஓடும். பள்ளத்தின் ஆழம் முதலில் மெதுவாகக் கூடும், தார் உரிய ஆரம்பிக்கும் இடத்தில் வரைபடத்தின் கோடு சட்டென்று கீழே மடங்கும். தண்ணீரும் சுமையும் சேர்ந்து வேலை செய்கிற சோதனை அது.

பேவர்_பின்னாடி:

லேப் விஷயத்தில் நான் தலையிடவில்லை, சைட்டில் பதினைந்து வருடம் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன். 88 சதவீதம் டிஎஸ்ஆர் வந்த கலவையைப் போட்டு, ஒரே மழைக்காலத்தில் பஸ் ஸ்டாப்புக்கு முன்னால் வண்டிகள் பிரேக் போடும் இடம் எல்லாம் குழியாகிப் போனதைப் பார்த்திருக்கிறேன். எங்கே என்று சொல்ல விரும்பவில்லை. கோர் எடுத்தால் (ரோட்டைத் துளைத்து உருளையாக எடுக்கும் மாதிரி) மேல் ஒரு அங்குலம் கருப்பாக இருக்கிறது, அடியில் ஜல்லி கழுவி வைத்த மாதிரி வெளுத்து உதிர்கிறது. உரிவது பெரும்பாலும் அடியிலிருந்துதான் மேலே வரும், மேலே தெரியும்போது எல்லாம் முடிந்திருக்கும். அங்கே பழைய ரோட்டின் மேற்பரப்பைச் சுரண்டி (மில்லிங்) இரண்டு நாள் மழையில் திறந்து போட்டு, ஈரம் காயாமல் மேலே போட்டுவிட்டார்கள். ஓரத்து மண் தோள் ரோட்டைவிட உயரமாக இருந்தது, தண்ணீர் வெளியேற வழியே இல்லை. அமெரிக்காவில் ஆபர்ன் ஆய்வு மையத்தில் இருந்த நம் நாட்டுக்காரர் பிரித்வி சிங் கந்தல் இதைத்தான் திரும்பத் திரும்ப எழுதினார்: உரிதல் என்று சொல்லி ஜல்லியையும் தாரையும் திட்டுகிற பல இடங்களில் உண்மையான காரணம் அடியில் தேங்கும் தண்ணீர்.

ரோலரும் முக்கியம். வாய்ட்ஸ் 5 சதவீதத்துக்குள் இருந்தால் தண்ணீர் பெரிதாக உள்ளே போகாது. 15-க்கு மேல் திறந்த கலவை என்றால் வந்த தண்ணீர் ஓடிவிடும். நடுவில் 8 முதல் 12 வரை இருக்கிறதே, அதுதான் படுமோசம், தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது. லேபில் 7-ல் சோதித்துவிட்டு, ரோட்டில் கலவை ஆறிப்போய் ரோலர் ஓட்டி 10-ல் விட்டால் அந்த டிஎஸ்ஆர் தாளால் என்ன பிரயோஜனம்? டிப்பரைத் தார்ப்பாய் போட்டு மூடிக் கொண்டுவாருங்கள், இரவு வேலை என்றால் ரோலர் பேவரை (கலவையைப் பரப்பும் இயந்திரம்) ஒட்டியே போகட்டும்.

அப்புறம் தம்பி, குவாரிக்கு ஒரு நடை போய்வாருங்கள். கிரஷர் டஸ்ட்டில் மண் கலந்திருக்கிறதா பாருங்கள். டஸ்ட்டில் களிமண் எவ்வளவு என்று காட்டும் சாண்ட் ஈக்விவலன்ட் எண் 50-க்குக் குறையக் கூடாது. மேல்மண் சரியாக நீக்காத குவாரியில் இது நிச்சயம் விழும். ஜல்லி மேல் களிமண் படலம் இருந்தால் தார் கல்லில் ஒட்டவில்லை, மண்ணில் ஒட்டியிருக்கிறது, முதல் தண்ணீரில் கழன்றுவிடும். அதற்கு எந்தத் திரவமும் மருந்தில்லை.

திரவம் போடுவதாக இருந்தால் சூடான தாரில் கலந்து நாள்கணக்கில் டேங்கில் வைக்காதீர்கள், சில வகைகள் அந்தச் சூட்டில் வீரியம் இழந்துவிடும். என் விருப்பம் நீற்றிய சுண்ணாம்புதான். ஜல்லி எடையில் 2 சதவீதம், அந்த அளவுக்கு டஸ்ட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். விவரக்குறிப்பிலும் அதற்கு இடம் இருக்கிறது. ஃபில்லர் வழியாகச் சரியாகப் போகிறதா, இல்லை டஸ்ட் கலெக்டர் வழியாகப் பறந்துவிடுகிறதா என்று நின்று பார்க்க வேண்டும்.

குவாரி_ரோடு:

மூன்று பேருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், வேலை முடிந்துதான் எழுதவேண்டும் என்று இருந்தேன்.

எட்டு மாதிரி செய்து ஆறை எடுத்தேன். இரண்டு கூட்டத்துக்கும் சராசரி வாய்ட்ஸ் 7.0. வேக்கம் ஐந்து நிமிடம் போட்டு எடை, மறுபடி ஒன்றரை நிமிடம், மூன்றும் 74-க்கும் 78-க்கும் நடுவில் நின்றது. உறைநிலை, 60 டிகிரி, கடைசியில் 25 டிகிரியில் இரண்டு மணி நேரம், எதையும் விடவில்லை. உலர்ந்தது 0.84, நனைந்தது 0.65. விகிதம் 77. என் தப்பால் போனது ஐந்து, மீதிக் குறை கலவையில் உண்மையாகவே இருக்கிறது. உடைந்த முகத்தைப் பார்த்தபோது பெரிய ஜல்லியில் தார் ஓரளவு நிற்கிறது, ஆனால் கைவிரலால் தேய்த்தால் பொடி உதிர்கிறது, ஜல்லியின் ஓரங்கள் வெளுப்பு.

குவாரிக்கும் போனேன். சாண்ட் ஈக்விவலன்ட் 46 வந்தது. புதிதாகத் திறந்த ஒரு முகத்திலிருந்து கல் வருகிறது, மேல்மண் சரியாக எடுக்கவில்லை. பழைய முகத்து டஸ்ட்டில் 58. இனி அங்கிருந்துதான் எடுப்பது என்று எழுதி வாங்கிக்கொண்டேன். அந்த டஸ்ட்டோடு 2 சதவீதம் நீற்றிய சுண்ணாம்பும் சேர்த்து மறுபடி போட்டதில் உலர்ந்தது 0.90, நனைந்தது 0.79, விகிதம் 88. சார்னோகைட் மேடம் சொன்ன மாதிரி இரண்டு எண்ணையும் தனித்தனியே பார்த்தேன், இரண்டுமே ஏறியிருக்கின்றன. முகம் கருப்பு.

ஐஎஸ் 6241 இந்தத் தடவையும் 98 தான் காட்டியது.

சார்னோகைட்:

அந்தக் கடைசி வரிதான் உங்கள் முதல் கேள்விக்குப் பதில். மண் கலந்த டஸ்ட் அந்தச் சோதனைக்குள் நுழையவே இல்லை, எப்படிக் காட்டும்? ஒரு வேண்டுகோள், பிளான்ட்டில் தினமும் டி 283 செய்ய முடியாது, அதனால் முதல் டிப்பரிலிருந்து கொஞ்சம் கலவை எடுத்துப் பத்து நிமிடம் கொதிக்கவைத்துப் பாருங்கள். அதன் சதவீதத்தைப் பெரிதாக நம்ப வேண்டாம், சுண்ணாம்பு நின்றுபோன நாளில் கலவை வேறு மாதிரி தெரிந்தால் அதுவே போதும்.

பேவர்_பின்னாடி:

ஓரத்து மண் தோளை வெட்டச் சொன்னீர்களா?

குவாரி_ரோடு:

நேற்று ஜேசிபி வந்து இடது பக்கம் முடித்துவிட்டது சார். வலது பக்கம் நாளைக்கு. அது முடிந்தபிறகுதான் பேவரை இறக்குகிறோம்.